பிரியஸ் ஹைபிரிட் பேட்டரிக்குள் வெப்பநிலை சென்சார்கள்: எங்கே இருக்கின்றன, எப்படித் தேடுவது, எப்படிச் சோதிப்பது

இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் ஹைபிரிட் பேட்டரியில் 28 மாட்யூல்கள் உண்டு. அத்தனைக்கும் சேர்த்து வெப்பநிலை பார்க்க மூன்றே மூன்று சென்சார்கள்தான். நான்காவதாக ஒன்று இருக்கிறது. அது பேட்டரியை அளப்பதில்லை, பேட்டரிக்குள் நுழையும் காற்றை அளக்கிறது. ஃபேனை எப்போது ஓட்டுவது, எந்த வேகத்தில் ஓட்டுவது, பேட்டரிக்குள் எவ்வளவு கரண்ட்டை விடுவது, எவ்வளவு வெளியே எடுப்பது என்பதையெல்லாம் பேட்டரி ஈசியு (பேட்டரியைக் கண்காணிக்கும் சிறு கணினி) பெருமளவு இந்த நான்கையும் நம்பித்தான் முடிவு செய்கிறது.

ஒரு சென்சார் செத்துப்போனால் டாஷ்போர்டில் விளக்கு எரியும், விஷயம் தெரிந்துவிடும். பேட்டரியைப் பிரித்துக் கோர்த்தவர் அதை வேறு இடத்தில் மாட்டிவிட்டாலோ, மாட்டாமல் தொங்க விட்டாலோதான் சிக்கல். விளக்கு எரியாது. ஸ்கேனரில், அதாவது காரின் கணினியைப் படிக்கும் கருவியில், எண் நியாயமாகவே தெரியும். உள்ளே மாட்யூல் வெந்துகொண்டிருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் சென்சாரைக் கண்டுபிடிப்பதற்குக் கொடுக்கும் அதே இடத்தை, அது இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பதற்கும் கொடுத்திருக்கிறோம்.

எடுத்துக்கொண்டிருப்பது 2003 இறுதியிலிருந்து 2009 வரை விற்ற பிரியஸ், அதாவது என்எச்டபிள்யூ20. பழைய ஹைபிரிட்களில் அதிகம் பிரிக்கப்பட்டது இதுதான், கற்றுக்கொள்ளவும் தோதானது. மற்ற மாடல்களைப் பற்றிக் கடைசியில் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறோம்.

பேட்டரியின் அமைப்பு

ஒவ்வொரு மாட்யூலிலும் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் ஆறு. ஆக மாட்யூலுக்கு 7.2 வோல்ட், 28 மாட்யூலும் தொடராகச் சேர்ந்து 201.6 வோல்ட். மாட்யூல்கள் தட்டையான பிளாஸ்டிக் பெட்டிகள். பக்கம் பக்கமாக நிறுத்தி, இரண்டு முனையிலும் தகடு வைத்து இறுக்கியிருப்பார்கள். இரண்டிரண்டு மாட்யூல்களை ஒரு பிளாக் என்று கணக்கு வைத்து, 14 பிளாக்குகளின் வோல்டேஜையும் ஈசியு தனித்தனியாகப் பார்க்கிறது. வோல்டேஜுக்கு 14 கண்கள், வெப்பத்துக்கு மூன்று.

அந்த மூன்று எங்கே என்பதைப் புரிந்துகொள்ளக் காற்று போகும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பின் இருக்கையின் ஓரத்தில் சல்லடை போட்ட ஒரு துவாரம் இருக்கும். காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்று அதன் வழியாக நுழைந்து, ஃபேனைத் தாண்டி, பேட்டரியின் மேல்பகுதிக்கு வருகிறது. அங்கிருந்து மாட்யூல்களுக்கு இடையே உள்ள ஒடுங்கிய சந்துகளில் கீழ் நோக்கி இறங்கி வெளியேறுகிறது. மேலே நுழையும்போது காற்று குளிர்ச்சி, கீழே வரும்போது சூடு. மூன்று பேட்டரி சென்சார்களும் மாட்யூல்களின் அடிப்பக்கத்தில், நீளவாக்கில் மூன்று இடங்களில் இருக்கின்றன. காற்று சென்சார் மட்டும், காற்று உள்ளே வரும் பக்கத்தில்.

நீளவாக்கில் ஏன் மூன்று? முனைகளில் இருக்கும் மாட்யூல்கள் தகட்டின் வழியாகவும் வெப்பத்தை வெளியே விடும். நடுவில் இருப்பவற்றுக்கு இரண்டு பக்கமும் சூடான அண்டைவீட்டார்தான். அதனால் நடுப்பகுதி எப்போதும் கொஞ்சம் கூடுதல் சூடாக இருக்கும், பழசாகிப்போன பேட்டரிகளில் முதலில் சாவதும் பெரும்பாலும் நடு மாட்யூல்கள்தான். ஒரு முனைக்கும் நடுவுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பது ஈசியுவுக்குத் தெரிந்தாக வேண்டும்.

திறப்பதற்கு முன்னால்: ஸ்கேனரில் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் வெப்பநிலை கோடு (ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு) வந்ததும் ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். வேண்டாம். பாதி நோயறிதல் பேட்டரியைத் தொடாமலேயே முடிந்துவிடும்.

டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் மென்பொருள் இருந்தால் நல்லது. இல்லையென்றால் காரின் சோதனை சாக்கெட்டில் மாட்டும் ஓபிடி2 புளூடூத் அடாப்டரும், போனில் டாக்டர் பிரியஸ் போன்ற ஹைபிரிட் செயலியும் போதும். பார்க்க வேண்டியவை: பேட்டரி வெப்பநிலை மூன்று, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை, ஃபேனின் வேக நிலை, 14 பிளாக்குகளின் வோல்டேஜ்.

முதல் சோதனை காலையில். கார் இரவு முழுவதும் நிழலில் ஓடாமல் நின்றிருக்க வேண்டும். பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். இக்னிஷன் மட்டும் ஆன் ஆகும், ரெடி விளக்கு வராது. உடனே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் ஆறிய பேட்டரியில் சூடான இடம், குளிர்ந்த இடம் என்று இருக்க முடியாது. மூன்றும் 2, 3 டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். காற்று சென்சாரும் அதையொட்டியே காட்ட வேண்டும். ஒன்று மட்டும் 8, 10 டிகிரி தள்ளி நின்றால் அந்தச் சென்சாரிலோ அதன் கம்பியிலோ கோளாறு, மாட்யூலில் இல்லை.

இரண்டாவது சோதனை ஓட்டிய பிறகு. ஊருக்குள் நின்று நின்று அரை மணி நேரம் ஓட்டுங்கள். மூன்றும் ஏற வேண்டும், நடுவில் இருப்பது சற்று அதிகமாக. காலையில் ஒத்திருந்துவிட்டு, ஓட்டிய பிறகு ஒன்று மட்டும் மிக வேகமாக ஏறுகிறதா? சென்சார் உண்மையைச் சொல்கிறது. அதன் பக்கத்து மாட்யூல் சரியில்லை. பிளாக் வோல்டேஜைப் பாருங்கள். முடுக்கும்போது ஒரு பிளாக் மற்றவற்றைவிட அதிகமாக இறங்கி, பிரேக் பிடிக்கும்போது அதிகமாக ஏறினால் ஆள் அகப்பட்டுவிட்டது. மாறாக ஒன்று மட்டும் மந்தமாக ஏறி, ஃபேன் ஓடத் தொடங்கியதும் சட்டென்று இறங்கினால் அது மாட்யூலைத் தொடாமல் காற்றில் தொங்குகிறது என்று சந்தேகப்படுங்கள். மாட்யூலின் உடம்பு அவ்வளவு வேகமாக ஆறாது.

மூன்றும் சேர்ந்து வழக்கத்தைவிட அதிகமாக ஏறினால், காற்று போகவில்லை. இந்த மாடலில் காற்றுத் துவாரத்துக்குப் பின்னால் வடிகட்டி கிடையாது. இருக்கைப் பஞ்சு, நாய் முடி, தெருப்புழுதி எல்லாம் நேரே ஃபேன் இறக்கைகளில் போய் அப்பிக்கொள்ளும். ஃபேனுக்கு 6 வேக நிலைகள் உண்டு. டெக்ஸ்ட்ரீமின் ஆக்டிவ் டெஸ்ட்டில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கலாம். ஆறாவது நிலையில் சத்தம் பலமாகக் கேட்டும் துவாரத்தில் வைத்த மெல்லிய காகிதம் ஒட்டவில்லை என்றால் ஃபேனைக் கழற்றிக் கழுவுங்கள். பேட்டரியைத் திறக்கும் வேலையே இல்லாமல் போகலாம்.

கோடுகளின் பொருள்

ஸ்கேனரில் ஆங்கில எழுத்தில் வரும். முதல் சென்சாருக்குப் பி0ஏ9சி, பி0ஏ9டி, பி0ஏ9இ. இரண்டாவதற்குப் பி0ஏசி6, பி0ஏசி7, பி0ஏசி8. மூன்றாவதற்குப் பி0ஏசிபி, பி0ஏசிசி, பி0ஏசிடி. காற்று சென்சாருக்குப் பி0ஏஏசி-யில் தொடங்கி அடுத்தடுத்து வருபவை. பி0ஏ82 என்றால் ஃபேன். பி0ஏ80 என்றால் பேட்டரியே பழுதாகிவிட்டது என்கிறது. அது சென்சார் கோடு அல்ல.

பேட்டரி சென்சார்கள் மூன்றுக்கும் வரிசை ஒன்றுதான். முதல் கோடு, எண் நம்பும்படி இல்லை என்று சொல்கிறது. இரண்டாவது சிக்னல் குறைவு, மூன்றாவது சிக்னல் அதிகம். இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். சிக்னல் அதிகம் என்றால் சூடு அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நேர்மாறு. உள்ளே இருப்பது என்டிசி வகைத் தெர்மிஸ்டர், அதாவது வெப்பத்துக்கேற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் பொருள்: சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும். ஈசியு தன் பக்கமிருந்து ஒரு சிறு வோல்டேஜைக் கொடுத்து, சென்சார் வழியாக அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறது. கம்பி அறுந்தால் வோல்டேஜ் இறங்குவதே இல்லை. சிக்னல் உச்சத்தில் நிற்கும், ஸ்கேனரில் மைனஸ் 40-ஐ ஒட்டிய, நம்ம ஊரில் நடக்கவே முடியாத குளிர் தெரியும். இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று தொட்டால் சிக்னல் தரையில், ஸ்கேனரில் கொதிக்கும் சூடு. ஆக, சிக்னல் அதிகம் என்றால் அறுந்த கம்பியைத் தேடுங்கள். சிக்னல் குறைவு என்றால் நசுங்கிய கம்பியைத் தேடுங்கள்.

மின்சாரத்தை நிறுத்துதல்

இந்தப் பகுதியில் குறுக்குவழியே கிடையாது. 200 வோல்ட் டிசி கையைப் பிடித்தால் விடாது. பேட்டரியில் 201.6 வோல்ட், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் இன்வெர்ட்டர் அதை 500 வோல்ட் வரை உயர்த்துகிறது. 1000 வோல்ட் வரை தாங்கும் கிளாஸ் 0 ரப்பர் கையுறை, அதன் மேல் தோல் கையுறை, 1000 வோல்ட் கேட் 3 தரமுள்ள மல்டிமீட்டர், பிடியில் இன்சுலேஷன் உள்ள ஸ்பேனர்கள் இல்லாமல் தொடங்காதீர்கள். ரப்பர் கையுறையை ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டிக் காற்றை அடைத்து, ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றிவிட வேண்டும். தனியாக இந்த வேலையைச் செய்யக் கூடாது.

1. காரை அணைத்து, சாவியை ஸ்லாட்டிலிருந்து எடுங்கள். ஸ்மார்ட் கீ என்றால் பத்து மீட்டராவது தள்ளிக் கொண்டுபோய் வையுங்கள்.

2. பின்கதவைத் திறந்து, வேலை முடியும்வரை திறந்தே வையுங்கள். இந்தக் காரின் பின்கதவு மின்சாரத்தில்தான் திறக்கும். 12 வோல்ட்டைக் கழற்றிய பிறகு மூடிவிட்டால், முன்னால் ஃபியூஸ் பெட்டியில் உள்ள ஜம்ப் முனைக்கு வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுக்க வேண்டும், அல்லது உள்ளே தவழ்ந்துபோய் அவசர நெம்புகோலைத் தேட வேண்டும்.

3. பின்னால் வலப்பக்கம் உள்ள 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, அது திரும்பப் போய்த் தொடாதபடி துணி சுற்றுங்கள்.

4. கையுறையோடு, இடப்பக்கம் ஆரஞ்சு நிறக் கைப்பிடியுள்ள சர்வீஸ் பிளக்கை எடுங்கள். அதை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் எடுத்துச் செருகிவிட வாய்ப்பே இருக்கக் கூடாது.

5. இன்வெர்ட்டரின் கெபாசிட்டர்கள் வடிய, இந்த மாடலுக்கு 5 நிமிடம் சொல்லப்படுகிறது. 10 நிமிடம் விடுங்கள். பிறகு உயர் அழுத்தக் கேபிள் முனைகளில் மீட்டர் வைத்து 0 வோல்ட் என்று கண்ணால் பாருங்கள். மீட்டர் வேலை செய்கிறதா என்று முன்னும் பின்னும் 12 வோல்ட் பேட்டரியில் ஒருமுறை வைத்துச் சரிபாருங்கள்.

சர்வீஸ் பிளக்கை எடுத்துவிட்டால் பேட்டரி செத்துவிட்டது என்று நினைப்பதுதான் மிக மோசமான தப்பு. பிளக் செய்வது, தொடரை ஓரிடத்தில் வெட்டுவது மட்டுமே. வெட்டின இரண்டு பக்கமும் மாட்யூல்கள் தொடராகவே இருக்கின்றன, ஆளைக் கொல்லும் வோல்டேஜோடு. பஸ் பார் (மாட்யூல்களை ஒன்றோடொன்று இணைக்கும் செம்புப் பட்டை) மூடியைத் திறந்த நிமிடம் முதல், கடைசி பஸ் பார் கழறும்வரை கையுறை கையிலேயே இருக்க வேண்டும்.

வெளியே எடுத்துத் தேடுதல்

காற்று சென்சாரைப் பார்க்கப் பேட்டரியை எடுக்க வேண்டியதில்லை. பின்தளத் தட்டு, பெட்டி, பக்கவாட்டுப் பேனல், காற்றுக் குழாய் இவற்றை எடுத்தால், குழாய் பேட்டரியோடு சேரும் பக்கத்தில் மெல்லிய இரட்டைக் கம்பி போகும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் சென்சாரில் முடியும்.

அடிப்பக்கம் உள்ள மூன்றுக்கும் பேட்டரி வெளியே வந்தே ஆக வேண்டும். பின் இருக்கையின் முதுகுப் பகுதி, தாங்கு சட்டங்கள், ஃபேன் குழாய், மாட்யூல்களின் வாயு வெளியேறும் ஹோஸ், ஆரஞ்சுக் கேபிள்கள் இரண்டு, கனெக்டர்கள் என்று வரிசையாகக் கழற்றுங்கள். 10, 12 மி.மீ. சாக்கெட் போதும். ஆரஞ்சுக் கேபிள் முனைகளில் உடனே இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். மொத்த எடை சுமார் 40 கிலோ. இரண்டு பேர் தூக்க வேண்டும், மரப் பலகை அல்லது ரப்பர் விரித்த மேஜையில் வைக்க வேண்டும். இரும்பு மேஜை வேண்டாம்.

மேல்மூடியைத் திறந்ததும் ஒரு முனையில் பேட்டரி ஈசியு தெரியும். தேடலை அங்கிருந்து தொடங்குவதுதான் சுலபம். அதற்குள் இரண்டு வகைக் கம்பிக்கட்டுகள் போகின்றன. ஒன்று பஸ் பார் சட்டங்களிலிருந்து வருவது, பிளாக் வோல்டேஜைப் பார்ப்பதற்கு. பார்க்க மெல்லிய சாதாரணக் கம்பிகள் போலத்தான் இருக்கும். ஆனால் அவை நேரே மாட்யூல்களோடு இணைந்தவை, அந்தக் கனெக்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவே நூறு வோல்ட்டுக்கும் மேல் நிற்கலாம். அதில் மீட்டர் முனையை விட்டு நோண்டவே கூடாது. மற்றது பஸ் பார் பக்கம் போகாமல், பெட்டியின் கீழே இறங்கிப் போகும் கட்டு. அதில்தான் சென்சார்கள் இருக்கின்றன. எந்தக் கம்பி எது என்று சந்தேகம் வந்தால், முதலில் டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். சென்சார் கம்பியில், ஈசியுவிலிருந்து கழற்றிய நிலையில், வோல்டேஜ் எதுவும் இருக்கக் கூடாது.

இப்போது பேட்டரியைக் கவனமாக ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும். பஸ் பார்கள் இன்னும் மாட்டியிருக்கின்றன, அவற்றின் பிளாஸ்டிக் மூடிகள் மூடியே இருக்கட்டும். அடித்தட்டில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒன்றாக 8 மி.மீ. தலையுள்ள போல்ட்டுகள் வரிசையாகத் தெரியும். அவற்றுக்கிடையே கம்பி ஓடும் பாதையைப் பின்தொடருங்கள். மூன்று இடங்களில் கம்பி நின்று ஒரு சிறிய பிளாஸ்டிக் கிளிப்புக்குள் போகும். கிளிப்பின் மறுபக்கத்தில்தான் சென்சாரின் தலை, மாட்யூலின் பிளாஸ்டிக் சுவரில் அழுத்தியபடி உட்கார்ந்திருக்கும்.

எதையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். முழு அடிப்பக்கத்துக்கும் ஒன்று, ஒவ்வொரு கிளிப்புக்கும் கிட்டத்தில் ஒன்று. ஈசியு இருக்கும் முனையிலிருந்து எத்தனையாவது மாட்யூல் என்று எண்ணி, டேப்பில் எழுதிக் கம்பியில் ஒட்டுங்கள். மாட்யூல்களிலும் மார்க்கரால் 1 முதல் 28 வரை எழுதிவிடுங்கள். எண்ணும்போது ஒரு எச்சரிக்கை: சில வரைபடங்கள் சென்சார்களை 0, 1, 2 என்று எண்ணுகின்றன, ஸ்கேனர்கள் 1, 2, 3 என்று காட்டுகின்றன. வரைபடத்தின் 1 ஸ்கேனரின் 2 ஆக இருக்கலாம். பெயரை நம்பாமல் கீழே உள்ள விரல் சோதனையை நம்புங்கள்.

கிளிப்பைக் கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். பதினைந்து வருடச் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் இறுகி மொறுமொறுப்பாகியிருக்கும். இரண்டு பக்கக் காதுகளையும் விரலால் அமுக்கி, நேராக வெளியே எடுங்கள். ஒரு காது உடைந்தாலும் கிளிப் திரும்ப இறுக்கமாக உட்காராது.

விரல் சோதனை

மீட்டரை ஓம்ஸில் வையுங்கள். ஈசியுவிலிருந்து கழற்றிய சென்சார் கனெக்டரில் ஒரு ஜோடி முனைகளில் மீட்டரைப் பிடியுங்கள். கிலோ ஓம் அளவில் ஒரு எண் வரும், நிலையாக நிற்கும். இப்போது இன்னொருவர் மூன்றில் ஒரு சென்சார் தலையை இரண்டு விரலுக்கிடையே பிடித்துக்கொள்ளட்டும். சரியான ஜோடி என்றால் சில வினாடிகளில் எண் வழுக்கிக்கொண்டே இறங்கும், விரலை எடுத்தால் மெதுவாகத் திரும்ப ஏறும். எண் அசையவில்லையா, வேறு ஜோடி. இப்படி மூன்றுக்கும் எந்த முனைகள் யாருக்குச் சொந்தம் என்று எழுதிவிடலாம்.

சரியான ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு என்று பட்டியல் தேட வேண்டியதில்லை. மூன்றும் ஒரே வகை. ஒரே அறையில், ஒரே மேஜையில் ஒரு மணி நேரம் கிடந்தால் மூன்றும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இந்த வகைத் தெர்மிஸ்டர்கள் அறை வெப்பநிலையில் பொதுவாக டிகிரிக்குச் சுமார் 4 சதவீதம் மாறும். அதனால் ஒன்று மற்ற இரண்டிலிருந்து 10 சதவீதம் விலகினால் 2, 3 டிகிரி தப்பாகச் சொல்கிறது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். சூட்டில் எப்படி என்று பார்க்க, மூன்று தலைகளையும் ஒரே பாலிதீன் பையில் போட்டு, பையின் வாய் மேலே இருக்கும்படி வெதுவெதுப்பான நீரில், 40, 45 டிகிரியில், ஐந்து நிமிடம் இறக்குங்கள். அங்கேயும் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

குளிரில் ஒத்துப்போய் சூட்டில் பிரிந்தால், அல்லது சூட்டில் ஒத்துப்போய் குளிரில் பிரிந்தால், கோளாறு சென்சாரிலா கம்பியிலா என்று அதிலிருந்தே ஊகிக்கலாம். கனெக்டர் முனையில் பச்சை பூத்திருந்தால் அது சென்சாரோடு தொடராகச் சேர்ந்த கூடுதல் ரெசிஸ்டன்ஸ். சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் பெரிதாக இருக்கும் குளிரில் இந்தக் கூடுதல் கணக்கில் வராது. சூட்டில், சென்சார் சிறியதாகச் சுருங்கும்போது, பெரிதாகத் தெரியும். அப்போது ஈசியுவுக்குப் பேட்டரி உண்மையைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும், ஃபேன் தாமதமாகத்தான் ஓடும். இதுதான் ஆபத்தான வகை. ஈரமும் அழுக்கும் சேர்ந்து இரண்டு முனைகளுக்கும் நடுவே பாலம் போட்டால் விளைவு தலைகீழ்: பிழை குளிரில் பெரிதாகத் தெரியும், பேட்டரி உண்மையைவிடச் சூடாகக் காட்டும், ஃபேன் தேவையில்லாமல் இரையும். காண்டாக்ட் கிளீனரும் மெல்லிய பிரஷும் இரண்டையும் சரிசெய்யும்.

அடிக்கடி நடக்கும் கோளாறுகள்

மூடிக்கும் சட்டத்துக்கும் இடையே கம்பி நசுங்குவது முதலிடம். அதுவும் ஏற்கெனவே ஒருமுறை பிரித்த பேட்டரிகளில். கம்பியை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். நசுங்கிய இடம் தட்டையாகத் தட்டுப்படும். மீட்டரை மாட்டியபடியே கம்பியை ஆட்டுங்கள், எண் துள்ளினால் அங்கேதான்.

அடுத்தது, மாட்யூலை மாற்றியவர் சென்சாரைக் கேபிள் டையால் பக்கத்தில் எங்கேயாவது கட்டிவைப்பது. நெற்றியில் வைக்க வேண்டிய தெர்மாமீட்டரைச் சட்டை மேல் வைத்தது போலத்தான் அது. தலை மாட்யூல் சுவரை முழுதாகத் தொட வேண்டும். டேப், சிலிக்கோன், பசை எதுவும் இடையில் வரக் கூடாது.

மாட்யூல் கசிந்திருந்தால் முனைகளின் அருகே வெள்ளைப் படிகம் தெரியும். அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கண்ணிலும் தோலிலும் பட்டால் அரிக்கும் காரம். 20 லிட்டர் தண்ணீருக்கு 800 கிராம் போரிக் அமிலம் கலந்த கரைசல் அதை முறிக்கும். அதே கணக்கில் 1 லிட்டருக்கு 40 கிராம். கண்ணாடி போட்டுக்கொண்டு துடையுங்கள். கசிவு பட்ட சென்சாரை மாற்றுவதே மேல். காரம் கம்பியின் உறைக்குள் ஊர்ந்து செம்பைத் தின்றுவிடும்.

சென்சார் மட்டும் தனியாக வாங்க அலையத் தேவையில்லை. கழித்துப்போட்ட அதே மாடல் பேட்டரியிலிருந்து கம்பிக்கட்டு முழுவதையும் எடுத்தால், மூன்றும் ஒரே குணத்தோடு கிடைக்கும். ரெசிஸ்டன்ஸ் அருகில் இருக்கிறதே என்று கடையில் கிடைக்கும் வேறு தெர்மிஸ்டரைக் கம்பியில் ஒட்டவைக்காதீர்கள். அறை வெப்பநிலையில் பொருந்துவது 45 டிகிரியில் பொருந்தும் என்று சொல்ல முடியாது, நமக்குத் தேவை 45 டிகிரிதான்.

திரும்பப் பொருத்துதல்

சென்சாரைப் பொருத்தும்போது கிளிப் கிளிக் என்று உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு லேசாக அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, எண்ணிட்ட அதே மாட்யூலில்தான் இருக்கிறதா என்று சரிபாருங்கள். மாட்யூல்களை இடம் மாற்றி அடுக்கியிருந்தாலும் சென்சாரின் இடம் மாறக் கூடாது. சென்சார் பழைய மாட்யூலோடு போகாது, பழைய இடத்தோடு நிற்கும்.

பஸ் பார்களைக் கழற்றியிருந்தால், செம்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிட்டுப் போடுங்கள். நட்டுகள் 8 மி.மீ., இறுக்கம் 5.4 நியூட்டன் மீட்டர். பெரிய டார்க் ரெஞ்ச் இவ்வளவு குறைந்த அளவில் சரியாக வேலை செய்யாது, சிறியது வேண்டும். கூடுதலாக இறுக்கினால் திருகு மாட்யூலிலிருந்து பிய்ந்துவரும், அந்த மாட்யூல் அத்தோடு போயிற்று. குறைவாக இறுக்கினால் அந்த முனை சூடாகும், அந்தச் சூட்டைப் பார்க்க எந்தச் சென்சாரும் அங்கே இல்லை.

சர்வீஸ் பிளக்குக்கு மூன்று அசைவு: செருக வேண்டும், கைப்பிடியை நிமிர்த்த வேண்டும், பிறகு நகர்த்திப் பூட்ட வேண்டும். மூன்றாவதை மறந்தால் இன்டர்லாக் (பிளக் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கும் பாதுகாப்புச் சுற்று) சேராது, பி0ஏ0டி கோடு வரும், ரெடி விளக்கு வராது. பயந்துபோய்த் திரும்பப் பிரித்துவிடாதீர்கள். முதலில் பிளக்கைப் பாருங்கள்.

மற்ற மாடல்கள்

மூன்றாம் தலைமுறை பிரியஸிலும் அதே 28 மாட்யூல், 201.6 வோல்ட். ஆனால் கம்பிக்கட்டின் பாதையும் கிளிப்பும் அப்படியே இருக்கும் என்று எண்ணிக்கொண்டு கை வைக்காதீர்கள். ஈசியுவிலிருந்து கம்பியைப் பின்தொடரும் முறை மட்டும் எங்கேயும் பொருந்தும். காத்திருக்கும் நேரத்தையும் அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கையில் நிறைய ஓடும் டொயோட்டா அக்வாவில் 20 மாட்யூல், 144 வோல்ட், பேட்டரி பின் இருக்கையின் கீழே. காற்றுத் துவாரமும் இருக்கையின் கீழேயே இருப்பதால், தரையில் வைத்த பையும் பாயும் அதை அடைத்துவிடும். அக்வாவில் வெப்பநிலை கோடு வந்தால் முதலில் அங்கே குனிந்து பாருங்கள்.

முதல் தலைமுறை ஹோண்டா இன்சைட் வேறு சாதி. டி அளவு செல்கள் 120, ஆறாறாகச் சேர்த்த குச்சிகள், 144 வோல்ட். அதில் குச்சிகளின் மேல் பிடிசி பட்டைகள் ஓடும். பிடிசி வெப்பநிலையை எண்ணாகச் சொல்லாது; ஒரு எல்லைவரை ரெசிஸ்டன்ஸ் குறைவாகவே இருந்து, எல்லை தாண்டியதும் ஒரேயடியாக எகிறும். அதை என்டிசி போல விரலால் பிடித்துச் சோதித்துவிட்டு, பழுது என்று முடிவு கட்டாதீர்கள்.

கடைசிச் சரிபார்ப்பு

காற்றுக் குழாயையும் ஃபேனையும் முழுதாக மாட்டிய பிறகே காரை ஓட்டுங்கள். அலங்காரப் பேனல்களை மட்டும் இன்னும் மாட்ட வேண்டாம். கோடுகளை அழித்து, அடுத்த நாள் காலை ஆறிய நிலையில் மூன்று எண்களையும் குறியுங்கள், அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பக் குறியுங்கள். காலையில் 2, 3 டிகிரிக்குள் சேர்ந்து நின்று, ஓட்டிய பிறகு மூன்றும் ஏறி, ஃபேன் ஓடியதும் மூன்றும் மெதுவாக இறங்கினால் பேனல்களைப் போடலாம். எந்தச் சென்சார் எத்தனையாவது மாட்யூலில் என்பதை ஒரு தாளில் எழுதி, தேதியோடு, பேட்டரி மூடியின் வெளிப்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்; அடுத்துத் திறப்பவர் வேறொருவராக இருக்கலாம்.